கையால் கட்டும் 1/24 ஸ்லாட் கார் சேஸிஸ்: எங்கே விறைப்பு, எங்கே வளைவு?

மரத்தடம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஸ்லாட் கார்களில் (தளத்தில் வெட்டிய காடியில் ஓடும் சின்ன மின்சாரக் கார்கள்) கடையில் வாங்கிய சேஸிஸ்களை, அதாவது அடிச்சட்டங்களை, ஓட்டி நன்றாகப் பழகிவிட்டது. இனி ஒன்றை அடியிலிருந்து கையாலேயே கட்டலாம் என்று இறங்கியிருக்கிறேன். 1/24 அளவு. மேலே போடப்போவது 1960களின் கடைசியில் ஓடிய கேன்-ஆம் (வட அமெரிக்கப் பந்தயத் தொடர்) காரின் உடல், மெல்லிய லெக்ஸான் பிளாஸ்டிக் வார்ப்பு. அந்தக் காலத்து அசல் கார்களின் முன் பின் சக்கர இடைவெளி 2.4 மீட்டரைச் சுற்றி இருந்தது. 24ஆல் வகுத்தால் 100 மி.மீ. அந்த அளவையே வைத்துக்கொள்கிறேன். மோட்டார் 16டி என்ற அளவு வகை. நேர்வாக்கில் படுக்கவைத்து, கிரவுன் கியர் (சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பிப் பின்னச்சுக்குக் கொடுக்கும் பல்சக்கரம்) போட்டு ஓட்டப்போகிறேன்.

எங்கள் தளம் எம்டிஎஃப் பலகையில் ரவுட்டரால் வெட்டியது, நாலு தடம், ஒரு நூல் (1/8 அங்குலம், ஏறக்குறைய 3.2 மி.மீ) அகலக் காடி. மேற்பரப்பு மழமழப்பாக இருக்கும். இரண்டு இடத்தில் மட்டும் பலகை இணைப்பு லேசாகத் தூக்கியிருக்கிறது.

கையில் அரை நூல் பித்தளைக் கம்பி, அரை நூல் பியானோ கம்பி (துள்ளலுள்ள எஃகுக் கம்பி), 0.8 மி.மீ பித்தளைத் தகடு, முக்கால் நூல் பித்தளைக் குழாய் எல்லாம் இருக்கின்றன. என் திட்டம் இதுதான்: கைடு (காடிக்குள் இறங்கிக் காரை வழிநடத்தும் துண்டு) பொருத்தும் முன் நாக்கிலிருந்து மோட்டார் பிராக்கெட் வரை இரண்டு பக்கமும் பித்தளைக் கம்பி, அதன்மேல் தகட்டைப் போர்த்தி முழு நீளத்துக்கும் சால்டர். அசையவே கூடாது. விறைப்பாக இருந்தால்தான் கார் சொன்னபடி கேட்கும் என்பது என் கணக்கு. கட்டி அனுபவம் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அரைநூல்

வாழ்த்துகள் தம்பி. அளவுகள் சரி. ஆனால் அந்தக் கடைசிக் கணக்கை மாற்ற வேண்டும். இப்படிக் கட்டினால் நேர்ச்சாலையில் பறக்கும், முதல் வளைவில் தடத்தை விட்டு எழும்பும்.

நம் கார்களுக்கு ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பரும் கிடையாது. அந்த இரண்டு வேலையையும் சேஸிஸே செய்தாக வேண்டும். வளைவில் காரின் எடை வெளிப்பக்கம் சாயும்போது உள்பக்கப் பின்சக்கரம் தூக்கப் பார்க்கும். சேஸிஸ் கட்டையாக இருந்தால் பின்னால் தூக்கிய அதே முறுக்கு அப்படியே முன்னால் போய்க் கைடையும் தூக்கும். கைடு கொஞ்சம் எழும்பினாலே பிரெய்டில் (தளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பின்னிய செப்புப் பட்டை) தொடர்பு விட்டுப்போகும், இன்னும் கொஞ்சம் எழும்பினால் கார் வெளியே. நடுவில் முறுக்கு வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருந்தால், பின்பக்கம் தன் பாட்டுக்குச் சாயும், கைடு காடியிலேயே உட்கார்ந்திருக்கும்.

அதனால் நான் கட்டும்போது மூன்று பகுதியாகப் பிரித்துத்தான் யோசிப்பேன்.

பின்னால் மோட்டார் பிராக்கெட், அச்சுக் குழாய், அவற்றை இணைக்கும் கம்பிகள். இந்தப் பெட்டி அசையவே கூடாது. இங்கே வளைவு வந்தால் கியர் பல் சேர்வது மாறும், சத்தம் வரும், பல் தேயும். உன் விறைப்பு ஆசையை எல்லாம் இங்கே காட்டு.

முன்னால் கைடு நாக்கு. அதுவும் விறைப்புதான். 1.6 மி.மீ தகடு இருந்தால் நல்லது.

இரண்டுக்கும் நடுவே ஓடுகிற கம்பிகள்தான் காரின் குணத்தை முடிவு செய்பவை. இங்கே பித்தளையை விட்டுவிட்டுப் பியானோ கம்பி போடு. பித்தளை ஓர் இடி பட்டால் வளைந்து அப்படியே நின்றுவிடும். பியானோ கம்பி வளைந்து திரும்பி வரும். பக்கத்துக்கு இரண்டு என்று ஆரம்பி, நடுவில் எங்கும் ஒட்டாதே, இரு முனையில் மட்டும் பற்றவை.

பித்தளைக்கு வேறு வேலை இருக்கிறது: எடை. அந்த 0.8 மி.மீ தகட்டை இரண்டு பக்கத் தகடுகளாக வெட்டி, நடுச் சட்டத்தோடு ஒட்டாமல், கீல் போட்டுத் தொங்கவிடு. உன்னிடம் இருக்கும் முக்கால் நூல் குழாய்க்குள் அரை நூல் கம்பி சரியாக நுழையும், கொஞ்சம் ஆட்டமும் இருக்கும். அந்த ஆட்டம்தான் நமக்கு வேண்டும். தகட்டின் நுனி ஒன்றரை மி.மீ அளவுக்கு மேலே கீழே அசையட்டும். உடலைப் பிடிக்கும் ஊசிக் குழாய்களும் இந்தத் தகடுகளிலேயே இருக்கட்டும். அப்போது உடலும் தகடும் சேர்ந்து ஒரு பக்கம், மோட்டாரும் கைடும் ஒரு பக்கம் என்று இரண்டு தனித்தனி எடைகளாக ஆகிவிடும். ஒன்று அதிர்ந்தால் மற்றொன்று அதை அடக்கும். காரைக் கையில் எடுத்துக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும். முதலில் பார்ப்பவர்கள் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள். நல்ல சேஸிஸுக்கு அது அடையாளம்.

பட்டறைக்காரர்

அரைநூல் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. டூல் ரூமில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் அதற்குக் கொஞ்சம் எண்கள் சேர்க்கிறேன், ஏனென்றால் "கொஞ்சம் வளையட்டும்" என்பதை வைத்துக்கொண்டு புதிதாகக் கட்டுபவர் எதையும் தீர்மானிக்க முடியாது.

உருளைக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 1.6 மி.மீ கம்பிக்குப் பதிலாக 1.2 மி.மீ போட்டால் பார்வைக்கு அதிகம் குறைந்ததாகத் தெரியாது, விறைப்போ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஒரே விட்டத்தில் எஃகு பித்தளையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு. எடையில் பித்தளைதான் கொஞ்சம் அதிகம். ஆக, விறைப்பு வேண்டிய இடத்தில் எஃகு, எடை வேண்டிய இடத்தில் பித்தளை.

அடுத்தது, இரண்டு கம்பியைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் மேல் கீழ் வளைவுக்கு விறைப்பு இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அவற்றை நீளம் முழுக்கச் சால்டர் செய்தாலும் அந்த இரண்டு மடங்கு மாறாது. ஆனால் முறுக்குக்கு விறைப்பு கூடிவிடும், அது நமக்கு வேண்டாத விறைப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முழு நீளமும் ஒட்டினால் ஒரு கம்பியைப்போல் பத்து மடங்கு வரை போகும். பின்பெட்டியை விறைப்பாக்க இதைப் பயன்படுத்தலாம். நடுக் கம்பிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது நீளம். கம்பி வளையும் அளவு அதன் ஒட்டாத நீளத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 50 மி.மீ விட்டிருந்ததை 60 ஆக்கினால் ஏறக்குறைய 1.7 மடங்கு அதிகம் வளையும். அதாவது ஒரு குறுக்குக் கம்பியைப் பத்து மி.மீ நகர்த்திப் பற்றவைப்பதில் காரின் குணமே மாறிவிடும். புதுக் கம்பி வாங்க வேண்டாம், புது சேஸிஸ் கட்டவும் வேண்டாம். சால்டரிங் அயனைச் சூடாக்கி ஐந்து நிமிட வேலை.

தம்பிக்கு என் ஆலோசனை: நடுக் கம்பிகளைக் கொஞ்சம் விறைப்புக் குறைவாகவே கட்டுங்கள். தேவைப்பட்டால் குறுக்குக் கம்பி சேர்த்து விறைப்பாக்குவது எளிது. விறைப்பாகக் கட்டியதைத் தளர்த்துவது பெரிய வேலை.

சின்னத்தடம்

நான் 1/32 ஆள், வீட்டுத் தளத்தில் ஓட்டுபவன். ஒரு சந்தேகம். இப்போது லேசரில் வெட்டிய எஃகு சேஸிஸ் கச்சிதமான அளவில் கிடைக்கிறது. இரண்டு கார் வாங்கினால் இரண்டும் ஒரே மாதிரி. கையால் கட்டி, அளந்து, நிமிர்த்தி இவ்வளவு பாடுபடுவதால் வேகத்தில் ஏதாவது லாபம் உண்டா, அல்லது கட்டுவதில் உள்ள ஆசைக்காக மட்டுமா? ஆசை போதும் என்றாலும் எனக்குச் சம்மதம்தான், தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அரைநூல்

நல்ல கேள்வி. கொஞ்சம் பின்னோக்கிப் போய்ச் சொல்கிறேன்.

1957இல் இங்கிலாந்தின் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஃப்ரெட் பிரான்சிஸ் ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கை அறிமுகம் செய்தபோது அந்தக் கார்கள் தகர உடல் கொண்டவை. அதற்குமுன் அவர் விற்றது சுருள்வில் இயந்திரத்தால் ஓடும் ஸ்கேலெக்ஸ் கார்கள். வீட்டுக்குள் ஓடும் விளையாட்டாகத்தான் அது பரவியது. 1960களில் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பெரிய வணிகத் தளங்கள் வந்தன. பேர்போன 'ப்ளூ கிங்' தளத்தின் ஒரு சுற்று 155 அடி, எட்டுத் தடங்கள். காக்ஸ், ரெவெல், மோனோகிராம், ரஸ்கிட் எல்லாரும் கார் கிட் விற்றார்கள். ஆனால் ஜெயிக்க நினைத்தவர்களுக்கு அந்தச் சேஸிஸ்கள் போதவில்லை. பித்தளைக் குழாயை வளைத்துக் கட்ட ஆரம்பித்தார்கள், அப்புறம் பியானோ கம்பிக்கு வந்தார்கள். கைடை மட்டும் தனியாகத் தொங்கவிடும் டிராப் ஆர்ம், கீல் போட்ட பக்கத் தகடுகள், 1968 வாக்கில் மோட்டாரைச் சாய்த்து வைக்கும் ஆங்கிள்வைண்டர் என்று அடுத்தடுத்து வந்தவை எல்லாம் சால்டரிங் அயன் வைத்திருந்தவர்களின் மேசையிலிருந்து வந்தவை. இன்று லேசரில் வெட்டும் சேஸிஸில் இருப்பது அந்த மேசைகளில் கண்டுபிடித்த வடிவங்களின் வழித்தோன்றல்.

வேகத்தைக் கேட்டால், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத வேகப் பந்தயத்தில் கையால் கட்டியது இன்று எடுபடாது. அங்கே சேஸிஸின் எடை, தடிமன் எல்லாம் வேறு உலகம். ஆனால் ரெட்ரோ வகுப்புகள், அதாவது பழைய பாணிக் கார்களுக்கான பந்தயங்கள், தனியாக இருக்கின்றன. 2000களில் அமெரிக்காவில் டி3, ஐஆர்ஆர்ஏ என்ற பந்தய அமைப்புகளின் விதிகளின்கீழ் இவை மறுபடி பெரிதாக வளர்ந்தன. பித்தளையும் எஃகுக் கம்பியும் வைத்துக் கட்டிய சேஸிஸ்தான் அங்கே பந்தயமே. அந்த வகுப்பில் யார் நன்றாகக் கட்டினார் என்பது சுற்று நேரத்தில் தெரியும்.

இன்னொன்று, பட்டறைக்காரர் சொன்ன குறுக்குக் கம்பி விஷயம். உங்கள் தளத்துக்கு, உங்கள் டயருக்கு, உங்கள் விரலுக்கு ஏற்ற மாதிரி எங்கே வளைய வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து, ஓட்டிப் பார்த்து, மாற்றலாம். லேசர் சேஸிஸை வெட்டியவர் உங்கள் தளத்தைப் பார்த்ததில்லை. மரத்தடம் தம்பியின் தளத்தில் இரண்டு இடத்தில் பலகை தூக்கியிருக்கிறது. அந்த இரண்டு மேட்டுக்கும் தாங்குகிற காரை அவரால் மட்டுமே கட்ட முடியும்.

மரத்தடம்

எல்லோருக்கும் நன்றி. முழுத் தகடு திட்டத்தைக் கைவிட்டு, பக்கத்துக்கு இரண்டு பியானோ கம்பி, கீல் போட்ட தகடுகள் என்று மாற்றி வரைந்துவிட்டேன். இப்போது சிக்கல் சால்டரிங். பித்தளையோடு பித்தளை அழகாகப் பிடிக்கிறது. பியானோ கம்பியில் ஈயம் உருண்டையாகத் திரண்டு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் 25 வாட் அயன், ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை). அப்புறம் ஜிக்கிலிருந்து (கட்டும்போது கம்பிகளை அளவில் பிடிக்கும் பலகை) எடுத்தால் சட்டம் திருகிக்கொள்கிறது. ஜிக்கில் இருக்கும்வரை கண்ணாடிபோல் சமமாக இருக்கிறது.

ஈயக்கோடு

மரத்தடம், இந்த இரண்டு சிக்கலுக்கும் வழி இருக்கிறது. நான் நகைப்பட்டறை வீட்டில் வளர்ந்தவள், உலோகம் சேர்க்கும் வேலை சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அயன். 25 வாட் போதாது. பித்தளை சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். 60 வாட்டுக்கு மேல், அகலமான உளி முனை வேண்டும். சின்ன முனையை வைத்து நேரம் நேரமாகச் சூடுகாட்டுவதைவிட, பெரிய முனையை இரண்டு மூன்று நொடி வைத்து எடுப்பதுதான் சட்டத்துக்கு நல்லது. சூடு பரவுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ரோசின் எஃகுக்குப் பிடிக்காது. ஜிங்க் குளோரைடு உள்ள ஆசிட் ஃப்ளக்ஸ் வாங்குங்கள். கம்பியின் மேல் ஓர் எண்ணெய்ப் படலமோ கறுப்போ இருக்கும். அதை உப்புத்தாளால் வெள்ளி மாதிரி ஆகும்வரை தேய்த்து, ஃப்ளக்ஸ் தொட்டு, ஈயத்தை மெல்லிய பூச்சாக முதலில் ஏற்றிவிடுங்கள். பூச்சு பிடித்த கம்பியைப் பூச்சு பிடித்த பித்தளையோடு சேர்க்கும்போது ஒரு துளி ஈயம் போதும். இணைப்பின் ஒரு பக்கம் தொட்டால் மறுபக்கம் ஈயம் பளபளவென்று ஓடி வரும், அதைக் கண்ணால் பார்க்கலாம். அப்படி ஓடி வராத இணைப்பு பிடித்தமாதிரி இருக்கும், முதல் மோதலில் பிட்டுக்கொண்டு வந்துவிடும். ஈயம் ஆறி மங்கும்வரை ஊதவோ அசைக்கவோ கூடாது.

63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறையும், அதனால் கைக்கு எளிது. மோட்டார் பிராக்கெட்டைப் போன்று சூடும் அடியும் அதிகம் படுகிற இடங்களுக்கு 4 சதவீதம் வெள்ளி கலந்த வெள்ளீயம் நல்லது. அது 221 டிகிரியில் உருகும், பலமும் அதிகம். முதலில் வெள்ளி கலந்ததால் பின்பெட்டியைக் கட்டிவிட்டு, அப்புறம் 63/37ஆல் மற்றதைச் சேர்த்தால், பிந்தைய சூட்டில் முந்தைய இணைப்பு கழலும் பயம் குறையும்.

இணைப்பின் வடிவமும் முக்கியம். கம்பியின் முனையை முட்டவைத்து ஒட்டாதீர்கள், ஈயத்துக்குத் தனியாக அவ்வளவு பலம் கிடையாது. ஏழெட்டு மி.மீ நீளத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்து ஒட்டுங்கள். அடிபடும் இணைப்புகளில் மெல்லிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் ஈயம் ஓட விட்டால் வருடக்கணக்கில் நிற்கும்.

அடுத்து, திருகிக்கொள்ளும் விஷயம். சூட்டில் பித்தளை எஃகைவிட அதிகம் நீளும். 100 மி.மீ நீளத்தை 160 டிகிரி சூடேற்றினால் பித்தளை 0.3 மி.மீ நீளும், எஃகு 0.2கூட நீளாது. நீண்டிருக்கும் நிலையில் ஈயம் உறைந்தால், ஆறும்போது ஒன்று மற்றொன்றை இழுக்கும். ஜிக்கின் ஊசிகள் பிடித்திருக்கும்வரை தெரியாது, எடுத்ததும் காட்டிவிடும். அதற்குச் செய்ய வேண்டியது: ஓர் இணைப்பு வைத்தால் அடுத்ததை எதிர் மூலையில் வையுங்கள், நடுவே கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். கம்பிகள் ஜிக்கில் தானாகப் படுக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால்தான் உட்காருகிறது என்றால் அந்தக் கம்பியை எடுத்துத் திரும்ப வளைத்துச் சரிசெய்யுங்கள். பியானோ கம்பியைச் சூடுகாட்டி வளைக்கக் கூடாது, சிவக்கச் சூடாக்கினால் அதன் துள்ளல் போய்விடும். வேண்டிய கோணத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைத்தால் திரும்பி வந்து சரியாக நிற்கும்.

எல்லாம் முடிந்தபின் சட்டத்தைப் பிடிப்பு எதுவும் இல்லாமல் கண்ணாடித் தட்டில் வைத்து, ஒவ்வோர் இணைப்பையும் ஒருமுறை உருகவிட்டு ஆறவிடுங்கள். உள்ளே அடைந்திருந்த இழுப்பு அங்கேயே வெளியேறும். அப்புறம் நாலு மூலையையும் விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒரு கால் குட்டையான கட்டில்போல் டொக் டொக்கென்று ஆடினால் இன்னும் வேலை இருக்கிறது. 0.05 மி.மீ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அடியில் எங்கும் நுழையாவிட்டால் போதும்.

கீலுக்குள் ஈயம் புகுந்துவிடும் என்ற கவலை இருந்தால், கம்பியின் அந்தப் பகுதியில் கறுப்பு மார்க்கரைப் பூசி ஒரு துளி எண்ணெய் விட்டுப் பிறகு சால்டர் செய்யுங்கள்.

கண்டிப்பாக மறக்கக் கூடாதவை: ஆசிட் ஃப்ளக்ஸ் புகையை முகத்துக்கு நேரே வாங்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பால் பேரிங், மோட்டார், அசல் அச்சு எதையும் அருகில் வைத்துச் சால்டர் செய்யாதீர்கள், அச்சுக்குப் பதில் அதே விட்டத்தில் ஒரு வெற்றுக் கம்பியைக் குழாயில் நுழைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஆப்பசோடா கரைத்த வெந்நீரில் பழைய பல் துலக்கியால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். இதைச் செய்யாவிட்டால் மறுநாள் காலையிலேயே கம்பி சிவந்து நிற்கும். பியானோ கம்பியைப் பிளையரால் வெட்டினால் பிளையரின் வாய் போய்விடும். கட்டிங் டிஸ்க்கால் வெட்டுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சின்னத்தடம்

அக்கா, இதை அச்சடித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டலாம். நேர்வாக்கு மோட்டாரா, சாய்த்து வைக்கும் மோட்டாரா என்பதையும் யாராவது சொல்லுங்கள். நேர்வாக்கில் வைத்தால் மோட்டாரின் இழுவிசை காரை ஒரு பக்கமாகச் சாய்க்கும், அதனால்தான் ஆங்கிள்வைண்டர் வந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பட்டறைக்காரர்

பாதி சரி. மோட்டார் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்போது அப்படிச் சாய்க்காது. மோட்டாரும் பின்னச்சும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. மோட்டார் சட்டத்தைத் திருப்பப் பார்க்கும், கிரவுன் கியர் அச்சின் வழியாக அதே சட்டத்தை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும், இரண்டும் உள்ளுக்குள்ளேயே கழிந்துவிடும்.

வெளியே தெரிவது ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான். காரைச் சக்கரம் தரையில் படாமல் விரல்களில் லேசாகப் பிடித்துக்கொண்டு, வேகத்தைச் சட்டென்று கொடுத்துப் பாருங்கள். நேர்வாக்கு மோட்டார் என்றால் கார் ஒரு பக்கம் உருளப் பார்க்கும், பிரேக் போட்டால் மறுபக்கம். வளைவிலிருந்து வெளியேறும்போது விசையை அழுத்துகிறோம் இல்லையா, அந்த நொடியில் இடது வளைவிலும் வலது வளைவிலும் கார் வேறு வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணம். மோட்டார் தண்டு அச்சுக்கு இணையாகத் திரும்பும் அளவுக்கு இந்த உதறல் பக்கவாட்டை விட்டு முன் பின்னாக மாறும்.

முழுக்க இணையாகவே வைத்துவிடலாமே என்றால் இடம் இல்லை. அகலமான இரண்டு பின் டயருக்கு நடுவே 16டி மோட்டாரும் கியரும் குறுக்கே அடங்காது. அதனால் அடங்கும் அளவுக்குச் சாய்த்தார்கள். கிரவுன் கியரும் இல்லாமல் போனதால் பல் சேர்க்கை எளிதாயிற்று, மோட்டார் எடையும் அச்சுக்கு அருகே வந்தது.

முதல் சேஸிஸுக்கு நேர்வாக்கே நல்லது. இடமும் வலமும் ஒரே மாதிரி இருப்பதால் அளப்பதும் நிமிர்த்துவதும் சுலபம். கைடு துளையின் மையத்திலிருந்து பின்னச்சின் இரு முனைக்கும் டிவைடர் வைத்துப் பாருங்கள். இரண்டு தூரமும் ஒன்றாக இருந்தால் அச்சு நேராக இருக்கிறது.

மரத்தடம்

கட்டி முடித்து ஓட்டியும் பார்த்தாயிற்று. 80 வாட் அயன், ஆசிட் ஃப்ளக்ஸ், எதிர் மூலை முறை எல்லாம் அப்படியே செய்தேன். சட்டம் கண்ணாடியில் அசையாமல் படுத்திருக்கிறது. கைடு காடியை விட்டு எழும்புவதே இல்லை, பலகை தூக்கிய இடங்களிலும்கூட. உள்ளம் குளிர்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. வேகமான வளைவின் நடுவில் பின்பக்கம் டர்ர்ரென்று பொடிப்பொடியாகக் குதிக்கிறது. மெதுவான வளைவுகளில் இல்லை. பழைய கடைச் சேஸிஸில் இதே மோட்டார், இதே டயர் குதித்ததில்லை.

அரைநூல்

அந்தக் குதிப்பைப் பற்றிக் கவலைப்படாதே தம்பி. டயர் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து என்று வேகமாக மாறி மாறி நடக்கும்போது சட்டமும் அதே தாளத்தில் அதிர்ந்தால் வருவது அது. தாளத்தைக் கலைத்துவிட்டால் நின்றுவிடும். ஆனால் சேஸிஸில் கை வைக்கும்முன் சுலபமானவற்றைப் பார்த்துவிடு.

பின்னச்சைக் கழற்றிக் கண்ணாடியில் உருட்டு, துளி வளைவு இருந்தாலும் தெரியும். டயர்கள் வட்டமாக இருக்கின்றனவா, இரண்டும் ஒரே விட்டமா என்று வெர்னியரில் பார். பேரிங் குழாயில் அச்சுக்கு மேல் கீழ் ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்.

இவை சரியாக இருந்தால் பக்கத் தகடுகளுக்கு வா. இரண்டும் உண்மையிலேயே சுதந்திரமாக அசைகின்றனவா? பலமுறை பார்த்திருக்கிறேன், உடலின் ஊசிகள் இழுத்துப் பிடித்துத் தகட்டை அசையவிடாமல் செய்துவிடும். உடலைப் போட்டபின்பும் அந்தக் கடகட சத்தம் கேட்க வேண்டும். ஊசித் துளைகளை உடலில் கொஞ்சம் பெரிதாக்கு.

அதற்கும் நிற்கவில்லை என்றால், பின்பெட்டிக்கு முன்னால், மோட்டாரின் இரு பக்கமும், இரண்டிரண்டு கிராம் ஈயத் தகட்டைத் தற்காலிகமாக டேப் போட்டு ஒட்டி ஓட்டு. குதிப்பு போனால் அங்கேயே பித்தளைத் துண்டாகச் சால்டர் செய்துவிடு. போகாவிட்டால் பட்டறைக்காரர் சொன்ன குறுக்குக் கம்பிதான் அடுத்தது.

ஈயக்கோடு

அண்ணன் சொன்னதோடு ஒன்று. கம்பிகளின் முன் முனை இணைப்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஈயத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தால் அது விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒரு பக்கம் மட்டும் விட்டாலும் குதிப்பு வரும்.

மரத்தடம்

அச்சு நேர், டயர் சரி, இணைப்புகளில் கோடு இல்லை. ஊசித் துளைகளை ஒன்றரை மடங்கு பெரிதாக்கியதும் குதிப்பு பாதி குறைந்தது. மோட்டாரின் இரு பக்கமும் எடை ஒட்டியதும் கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. கடைசியில் நடுக் கம்பிகளுக்குக் குறுக்கே, பின்பெட்டியிலிருந்து 12 மி.மீ முன்னால், 1.2 மி.மீ பியானோ கம்பி ஒன்றைப் பற்றவைத்தேன். போயே போய்விட்டது. எடையை எடுத்துவிட்டு ஓட்டினேன், அப்போதும் வரவில்லை. கைடும் முன்போலவே காடியில் நிற்கிறது.

இப்போது கிரவுன் கியர் மட்டும் கொஞ்சம் இரைகிறது. பல் எவ்வளவு நெருக்கமாகச் சேர வேண்டும்?

பட்டறைக்காரர்

நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து, பினியனுக்கும் (மோட்டார் தண்டில் உள்ள சின்னப் பல்சக்கரம்) கிரவுனுக்கும் நடுவே விட்டு, கிரவுனைப் பினியனோடு அழுத்தி வைத்துக் கியரின் திருகை முடுக்குங்கள். பிறகு தாளை உருட்டி எடுத்துவிடுங்கள். தாளில் பல் தடம் பதிந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. அந்த இடைவெளி போதும். அதன்பின் அச்சின் இரு பக்கமும் வாஷர் போட்டுப் பக்கவாட்டு ஆட்டத்தை எடுத்துவிடுங்கள். கிரவுன் கியரில் அச்சு பக்கவாட்டில் நகர்ந்தாலே பல் சேர்க்கை மாறிவிடும், பாதி இரைச்சல் அங்கிருந்துதான் வரும். வாஷர் போட்டபின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் தானாகக் கொஞ்ச நேரம் ஓடி நிற்க வேண்டும். எங்காவது கடித்தால் பினியன் கிரவுனின் உள்விளிம்பைத் தொடுகிறதா என்று பார்த்து, தொட்டால் தண்டில் அரை மி.மீ மோட்டார் பக்கமாகத் தள்ளுங்கள்.